தொட்டுவிட்டுப் போகவேண்டிய மேடு

அனுப்புநர்:
ஜெமியா அனாக் இத்தாம்,
செயலாளர், ஊர்க்குழு,
கம்போங் செராவிங்,
உலு செலந்தார் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நில அதிகாரி அவர்கள்,
மாவட்ட நில அலுவலகம்,
உலு செலந்தார்.

பொருள்: செராவிங் பள்ளத்தாக்கின் செமாய்ப் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்படவிருக்கும் அரசு நிலத்திலிருந்து தெங்குலாய் மேட்டை நீக்கி, அதற்கு ஈடாகப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சேர்த்திருப்பதற்கு ஆட்சேபம் தெரிவித்தும், மேட்டைத் திரும்பச் சேர்க்கக் கோரியும்.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள் 19 ஜூன் 2023 (முப்பது நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது).

மதிப்புக்குரிய ஐயா,

இந்த ஆண்டில் நான் தங்களுக்கு எழுதும் எட்டாவது கடிதம் இது. முதல் ஏழையும் பணிவாக எழுதினேன். இதையும் பணிவாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது குரல் உயர்ந்தால் அதை என் தனிப்பட்ட குணமாக எடுத்துக்கொள்ளவும். ஊரில் மற்ற எல்லாரும் என்னைவிடச் சாதுவானவர்கள். அவர்கள் சாதுவாக இருந்ததால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டி வந்தது.

1. 2011ஆம் ஆண்டு மே மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. செராவிங் பள்ளத்தாக்கின் அரசு நிலத்தில் அறுநூற்று நாற்பது ஏக்கர், அங்கு வாழும் செமாய் மக்களின் நன்மைக்காக ஒதுக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊர் மண்டபத்தில் மாட்டினோம். பன்னிரண்டு வருடத்தில் உறையை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது, நிலம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் நிலத்தையே எங்களுக்கு ஒதுக்கித் தருவதாக அரசு சொன்னபோது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். காகிதம் ஒன்று கையில் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தோம்.

2. பார்வையில் கண்ட அறிவிப்போடு வந்த வரைபடத்தைப் போன மாதம் மண்டபச் சுவரில் ஒட்டினோம். ஏக்கர் குறையவில்லை. அறுநூற்று நாற்பது என்றால் அறுநூற்று நாற்பதுதான். ஆனால் தெங்குலாய் மேட்டின் நூற்று எண்பது ஏக்கர் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதே அளவுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஈயச் சுரங்கக் குட்டைகள் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டன. எங்கள் ஊர்த்தலைவர் பா சிடின் வரைபடத்தின் மேல் விரலை வைத்து ஆற்றங்கரையிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். மேடு இருக்கவேண்டிய இடத்தில் விரல் நின்றது. "இது வேற யாரு ஊரு படம்மா?" என்று என்னைக் கேட்டார். நம்முடையதுதான் என்று படத்தின் தலைப்பைப் படித்துக் காட்டினேன்.

3. அறிவிப்பின் பின்னிணைப்பில் அந்த மேடு "காடு, பயன்பாடு இல்லை" என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காட்டில் எழுபத்தொரு டுரியான் மரங்கள், நெற்றாகக் காய்க்கும் நாற்பது பெத்தாய் மரங்கள், இன்ன பிற பழமரங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் நட்டவர் யார், அவருடைய வாரிசுகள் யார் யார், எந்த மரத்தின் கீழ் யார் பொறுக்கலாம் என்பதெல்லாம் இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். மரங்களுக்கு நட்டவர் பெயரே பெயர். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் இறங்குவதும் அந்த மேட்டிலிருந்துதான். பயன்பாடு என்று எழுத இன்னும் என்ன வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தார் சொன்னால் அதையும் நட்டு வைக்கிறோம்.

4. இனி நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஆகஸ்ட் முதல் வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து திரு. பட்ருல் தலைமையில் நான்கு பேர் அளவை செய்ய வந்தார்கள். மூன்று நாள் இருந்தார்கள். வழி வெட்டிக் கொடுத்தது நாங்கள், கருவியைச் சுமந்தது நாங்கள், சமைத்துப் போட்டதும் நாங்கள்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்தவர்களுக்கு எப்போதும் செய்வதையே செய்தோம்.

மூன்றாம் நாள் மதியம் தெங்குலாய் மேட்டில் பா செங்கோ என்ற டுரியான் மரத்தின் அடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். பருவத்தின் கடைசிப் பழங்கள். திரு. பட்ருல் வேரின் மேல் சாய்ந்துகொண்டு நன்றாகச் சாப்பிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்:

"என்னா மேடு இது. நல்ல காத்து, நல்ல மண்ணு, இவ்ளோ பழம். இது மட்டும் என் கையில இருந்தா வேலையையே விட்டுட்டு வந்துருவேன். எனக்குக் குடுத்துருங்களேன் தலைவரே."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

5. ஏன் வரவில்லை என்பதைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாங்கள் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று அறிகிறேன். ஆனால் இந்தக் கோப்பைப் பின்னால் படிப்பவர் தலைநகரத்துக்காரராக இருக்கலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்களிடம் புனான் என்று ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றின் மேல் ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டுவிட்டு, அது கிடைக்காமல் போனால் அவருக்குக் கேடு வரும். பாம்பு கடிக்கும், பூரான் கடிக்கும், கிளை முறிந்து தலையில் விழும். மறுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. கேட்டவர்தான் அனுபவிப்பார். அதனால் இங்கே யாரும் யாருக்கும் மறுப்பதில்லை. இது வழக்கத்தின் ஒரு பாதி. இன்னொரு பாதி, கேட்டுப் பெற்றவர் செய்யவேண்டியது. கொடுத்ததை அவர் விரலால் தொட்டால் போதும். ஆசை தீர்ந்துவிடும், கேடும் விலகிவிடும், பொருள் அதன் இடத்திலேயே இருக்கும். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஊரில் இந்நேரம் ஒருவர் வீட்டிலும் ஒரு சட்டிகூட மிஞ்சியிருக்காது.

இது காட்டுக்குள் மட்டும் இருக்கும் வழக்கமும் இல்லை. டவுனில் மலாய்க்காரர் வீடுகளிலும், அவசரமாகக் கிளம்புகிறவர் முன்னால் தட்டை நீட்டினால் ஒரு பருக்கையையாவது தொட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். திரு. பட்ருல் அன்று காலையில் என் வீட்டு மரவள்ளிக்கிழங்கை அப்படித்தான் தொட்டுவிட்டு, "போதும்க்கா, வயிறு நெறைஞ்சிருக்கு" என்று சொல்லிப் போனார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று தங்கள் அலுவலகம் பதில் எழுதினால் அந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன்.

6. இந்த இடத்தில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.  பா சிடின் யோசித்தார். யோசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் எங்கள் மொழியில் அவரிடம் சொன்னது இது:

"குடுத்துடுங்க மாமா. வாய்விட்டுக் கேட்டுட்டாரு, பாவம். எறங்கற வழி பூரா வழுக்கல். அவரு சப்பாத்தப் பாத்தீங்களா?"

அவருடைய சப்பாத்து அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற வகை. அடியில் ஒரு பிடிப்பும் கிடையாது. அந்தச் சரிவில் அவர் விழுந்து கிடப்பது போல எனக்குக் கண்முன் தெரிந்தது. பா சிடினுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவர் திரும்பி, "எடுத்துக்குங்க துவான். ஒங்களுக்கு இல்லாததா" என்றார்.

ஐயா, நூற்று எண்பது ஏக்கரை நாங்கள் கொடுத்தது ஒரு மனிதருடைய கால் எலும்புக்காக.

7. பிறகு நாங்கள் எல்லாரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்தார். கையெல்லாம் பழம் ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பா செங்கோ மரத்தின் அடிமரத்தில் இரண்டு தடவை துடைத்தார். பா சிடின் பெருமூச்சு விட்டார். "தொட்டாச்சு" என்றார். என் தம்பி மிச்சப் பழத்தை உடைக்கப் போய்விட்டான். எங்களைப் பொறுத்தவரை காரியம் அத்தோடு முடிந்தது. அவர் சரிவில் நல்லபடியாக இறங்கினார், ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. எனக்கு அன்று உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

8. அளவை நடந்ததற்கு ஊர்க்குழுவின் குறிப்பேட்டில் பதிவு வேண்டும் என்று அன்று மாலை திரு. பட்ருல் கேட்டார். செயலாளர் நான். எழுதிக் கொடுத்தேன். நடந்தது எதையும் விடாமல் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பக்கத்தில் நான் எழுதியது (துவான் என்றால் ஐயா, அதாவது திரு. பட்ருல்):

"மூன்றாம் நாள் தெங்குலாய் மேட்டில் அளவை. துவான் மேட்டைக் கேட்டார், ஊர்த்தலைவர் கொடுத்தார். துவான் மரத்தைத் தொட்டார், மேடு ஊரிடமே இருக்கிறது. பிறகு எல்லாரும் இறங்கினோம்."

கீழே என் கையெழுத்து. திரு. பட்ருல் அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆண்டு மார்ச் மாதம் மேட்டின் அடிவாரத்தில் சங்கிலி போட்டார்கள். ஒரு தனியார் டுரியான் தோட்ட நிறுவனத்துக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கப்பட்டிருப்பதாகப் பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து தங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஆறாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. "ஊர்மக்கள் தாங்களே விரும்பி மேட்டை விட்டுக்கொடுத்துள்ளனர், ஆதாரம் இணைப்பில்" என்று இருந்தது. இணைப்பில் என் குறிப்பேட்டின் நகல். முதல் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. கடைசி வாக்கியம் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. நடுவில் இருந்த ஒரு வாக்கியத்தைக் காணவில்லை. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு காகிதத் துண்டை வைத்து நகல் எடுத்தால் விழுமே, அந்த மாதிரி மேலும் கீழும் மெல்லிய கோடு.

வைத்தது யார் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. காகிதத் துண்டு தானாக நடந்துபோய் அங்கே உட்காராது என்று மட்டும் சொல்கிறேன். விரலால் தொட்டுவிட்டுப் போகவேண்டிய ஒருவர் பானையோடு தூக்கிக்கொண்டு போவதை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. தூக்கிக்கொண்டு போனதற்கு என் கையெழுத்தையே சாட்சி வைப்பதையும் பார்த்ததில்லை. இந்த வரிகளில் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

9. என் தம்பி மகள் யுலின் ஏழு மாதக் கர்ப்பிணி. ஜூன் 22 அன்று அவளுக்குப் பா செங்கோ மரத்துப் பழத்தின் மேல் ஆசை வந்தது. சந்தைப் பழம் வாங்கிக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். மேட்டுக்கு நடந்துபோனாள். நானும் கூடப் போனேன். சங்கிலிக்குப் பக்கத்தில் காவலர் இருந்தார்.

"சீட்டு இருக்கா தங்கச்சி?"

"பழம் பொறுக்க சீட்டாண்ணே? அந்த மரத்த நட்டவரோட பேத்திக்கு நான் மக. மரத்தையே வேணா கேட்டுப் பாருங்க."

"மரம் சொன்னா எங்க மொதலாளி கேக்கமாட்டாரே."

"ஒரே ஒரு சொளை போதும். வாய் பூரா அதே நெனப்பா இருக்கு."

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. எங்கோ ஒரு மூலையிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். "எனக்கும் புள்ளைங்க இருக்கு தங்கச்சி, வேலை போயிரும்" என்றார். சங்கிலிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பழங்கள் விழுந்து கிடந்தன. யுலின் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வீட்டுக்குத் திரும்பினோம்.

மூன்றாம் நாள் காலையில் மரவள்ளி பிடுங்கும்போது அவளைப் பூரான் கடித்தது. கால் முழங்கால் வரை வீங்கியது, காய்ச்சல் ஏறியது. ஐந்து நாள் மாவட்ட மருத்துவமனையில் இருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈர மண்ணில் பூரான் இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். அவர் படித்தவர், நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை, நானும் நம்பவில்லை. தாங்களும் நம்பவேண்டாம் என்று கேட்கமாட்டேன். அவள் கேட்டாள், கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் படுத்தாள் என்ற மூன்றையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

10. ஏழாவது கடிதத்துக்குப் பதிலாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "ஏன்க்கா கவலப்படுறீங்க, அந்தக் குட்டையில திலாப்பியா மீன் வளர்க்கலாமே. ஒங்க நன்மைக்குத்தானே எல்லாம்" என்றார்.

ஈயம் கழுவிய அந்தத் தண்ணீரில் எங்கள் நாய்கள்கூட வாய் வைப்பதில்லை. கரை எப்போது சரியும் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்காக ஒதுக்கப்படவிருக்கும் அந்த நூற்று எண்பது ஏக்கரில் நாங்கள் காலை ஊன்றி நிற்கக்கூடிய இடம் குட்டைகளுக்கு நடுவில் உள்ள வரப்புகள் மட்டும்தான். எங்கள் நன்மையைப் பற்றி இத்தனை பேர் இத்தனை வருடமாக யோசிக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வந்து அந்த வரப்பில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு யோசித்தால் புண்ணியமாகப் போகும். அலுவலகச் சப்பாத்தோடு வரவேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இன்னொருவருக்காகப் பயப்பட எங்களால் முடியாது. முடியாது என்று எழுதுகிறேனே தவிர, வந்தால் பயப்படத்தான் செய்வோம்.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

அ) குறிப்பேட்டின் மூலப் பக்கத்தைத் தாங்களே நேரில் பார்வையிட்டு, நாங்கள் மேட்டை விட்டுக்கொடுத்ததாகக் கோப்பில் உள்ள பதிவை நீக்கவேண்டும். குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. கையைவிட்டுக் கொடுக்கமாட்டேன், எதிரில் உட்கார்ந்து காட்டுவேன்.

ஆ) தெங்குலாய் மேட்டின் நூற்று எண்பது ஏக்கரையும் ஒதுக்கீட்டில் திரும்பச் சேர்க்கவேண்டும். குட்டைகளை எங்கள் தலையில் கட்டவேண்டாம்.

இ) முடிவு வரும்வரை சங்கிலியை அகற்றவேண்டும். இந்தப் பருவம் இன்னும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். யுலினுக்குச் செப்டம்பரில் பிரசவம். கோப்பு எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கும், அவளால் முடியாது.

ஈ) விசாரணையை எங்கள் ஊரில், அந்த மேட்டில் வைத்து நடத்தவேண்டும். மறுபடியும் அளந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் அதற்குரிய குடும்பத்தில் ஒருவர் நின்று பதில் சொல்லுவார்.

ஐயா, அன்று மேட்டின் மேல் ஒருவர் கேட்டார். அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று ஊரே பயந்தது. அவர் எங்களுக்கு உறவும் இல்லை, சினேகிதமும் இல்லை. ஏழு கடிதத்தில் நாங்கள் கேட்டுவிட்டோம், இது எட்டாவது. வாய்விட்டு, ஆசைப்பட்டு, அந்த மேடு வேண்டும் என்று நூற்று முப்பத்தாறு பேர் கேட்கிறோம். கிடைக்காவிட்டால் கேடு எங்களுக்குத்தான், தங்களுக்கு ஒன்றும் ஆகாது. அது தெரிந்தும் தங்கள் அலுவலகத்தில் எங்களுக்காகப் பயப்படுகிறவர் இன்றுவரை ஒருவர்கூட இல்லை. தாங்களாவது பயப்படவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 10 ஜூலை 2023
இடம்: கம்போங் செராவிங்

ஊராருக்காக ஆசைப்பட்டுக் கேட்கும்,
(ஜெமியா அனாக் இத்தாம்)

இணைப்பு:
1. குறிப்பேட்டுப் பக்கத்தின் முழு நகல், எதையும் மறைக்காமல் எடுத்தது.
2. மரங்களின் பட்டியல், நட்டவர் பெயரோடும் வாரிசுகள் பெயரோடும், பதினான்கு பக்கம்.
3. நூற்று முப்பத்தாறு பேரின் கையெழுத்தும் கைரேகையும்.
4. டுரியான் பழம் ஒன்று. பா செங்கோ மரத்தினுடையது. நேற்றுக் காலை சரிவில் உருண்டு சங்கிலியையும் தாண்டி ஓடைக்குள் வந்து விழுந்தது, நாங்கள் யாரும் உள்ளே போய் எடுக்கவில்லை. யுலினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை விரலால் தொட்டாள். "எனக்குப் போதும் அத்தை. இத அந்தப் பெரிய ஆபீசர்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். அலுவலகத்துக்குள் டுரியான் கொண்டுவரக் கூடாது என்று தங்கள் வாசலில் எழுதியிருப்பதால் இந்தக் கடிதத்தோடு தங்கள் வாசல் காவலரிடம் கொடுத்திருக்கிறேன். வெளியே வந்து ஒருமுறை தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும். நான் வாசலில்தான் நிற்கிறேன்.